மாற்றப்பட்ட சவ்வுகளின் வரலாறு: பழைய ஒலிபெருக்கிகளும் அவற்றின் உதிரிபாகங்களும்

தமிழில் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, அதன் வழியே வெளிப்பட்ட குரல்களைப் பற்றியதாகவே இருக்கிறது. மேடைப்பேச்சு, இசைத்தட்டு, கொட்டகைத் திரைப்படம், கோயில் திருவிழா ஆகியவற்றின் வரலாறுகளில் ஒலிபெருக்கி ஒரு துணைப்பொருளாக வந்து போகிறது. வாங்கிய நாள் முதல் கைவிடப்பட்ட நாள் வரை அக்கருவி மாறாமல் இருந்தது என்னும் எண்ணம் இவ்வெழுத்துகளில் சொல்லாமலே ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் 1950களில் செய்யப்பட்டு இன்றும் ஒலிக்கும் ஒரு குழாய் ஒலிபெருக்கியில் பழையதாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் அதன் உலோகக் குழாயும் இரும்பு உடலுமே. ஒலியை உண்டாக்கும் சவ்வும் கம்பிச்சுருளும் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். எந்தப் பாகம், எக்காலத்தில், எங்கிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு மாற்றப்பட்டது என்பது அக்கருவிக்குள்ளேயே எழுதப்பட்ட ஓர் ஆவணம். அந்த ஆவணத்தை வாசிக்கும் முறையை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் போதுமான அளவு கைக்கொள்ளவில்லை.

இதைச் சிந்திக்கப் பொருத்தமான நிலப்பகுதி பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகம். சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த நல்லேப்பிள்ளியும், அதற்குக் கிழக்கே தமிழகத்தை நோக்கி அமைந்த கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் முதலிய ஊர்களும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லைப்புறம். சித்தூர்ப் பகுதி கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தும், அவ்வரசின் பெருநிலத்தோடு ஒட்டாமல் சென்னை மாகாணத்தின் மலபார், கோயம்புத்தூர் மாவட்டங்களுக்கு நடுவே தனித்துக் கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியோடும், 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தோடும் சேர்ந்தது. ஆட்சி எல்லைகள் எவ்வாறு மாறினாலும், இவ்வூர்களுக்குக் கோவையும் பொள்ளாச்சியும் அண்மைச் சந்தைகளாகவே இருந்துவந்தன.

இவ்வட்டாரத்துக்கு ஒலிபெருக்கி வருவதற்கு நெடுங்காலம் முன்பே சவ்வு மாற்றும் தொழில் இங்கு வேரூன்றியிருந்தது. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் உள்ள பெருவெம்பு, செண்டை, மத்தளம், மிருதங்கம் முதலிய தோற்கருவிகளைச் செய்யும் குடும்பங்களால் பெயர்பெற்ற ஊர். பலாமரத்தில் குடைந்த செண்டையின் உடல் பல்லாண்டுகள் நிலைக்கும். அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல் அவ்வாறு நிலைப்பதில்லை. தோல் மாற்றிய செண்டையைப் போலி என்று எவரும் சொல்வதில்லை. புதிய தோலின் தடிமனும் இழுவிசையும் அந்த உடலுக்குப் பொருந்தினவா என்பதே கேட்கப்படும் கேள்வி. ஒலிபெருக்கியும் அடிப்படையில் ஒரு தோற்கருவியே. அதன் சவ்வைக் கையோ கோலோ அடிப்பதற்கு மாற்றாக மின்னோட்டம் அசைக்கிறது.

கருவியின் அமைப்பைச் சுருக்கமாக நினைவுகூர்வது மேற்கொண்டு வாசிக்க உதவும். வலிமையான காந்தம் ஒன்றின் முனைகளுக்கிடையே மிகக் குறுகிய வளைய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் மெல்லிய செப்புக்கம்பியால் சுற்றப்பட்ட ஓர் உருளைச் சுருள் தொங்குகிறது. கடைமொழியில் இதற்கு வாய்ஸ் காயில் என்று பெயர். சுருளில் பாயும் மின்னோட்டம் மாறும்போது சுருளும், அதனோடு ஒட்டிய சவ்வும் முன்னும் பின்னும் அசைகின்றன. பெட்டி ஒலிபெருக்கியில் இச்சவ்வு காகிதக்கூழால் ஆன கோன். குழாய் ஒலிபெருக்கியில் அது யூனிட் எனப்படும் உருண்டை உலோகக்கூட்டுக்குள் அடங்கிய சிறிய டயாபிரம். கோனை நடுவில் நிறுத்தி வைக்கும் மடிப்புத் துணி வளையத்தை ஸ்பைடர் என்பர்.

இத்தொழில்நுட்பத்தின் காலவரிசை தெளிவானது. கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் 1915இல் அசைசுருள் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள்முன் இயக்கிக் காட்டினர். அவர்களது நிறுவனத்துக்குச் சூட்டிய மேக்னவாக்ஸ் என்னும் பெயர் இலத்தீனில் ‘பெருங்குரல்’ எனப் பொருள்படும். 1925இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுரை இன்றைய கோன் ஒலிபெருக்கிக்கு அடித்தளமிட்டது. 1926இல் பேசும்படத்துக்கென வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 யூனிட் வந்தது. வென்ட்டும் தூராசும் வடிவமைத்த அதில் அலுமினியக் கலவையாலான டயாபிரமும் தட்டை அலுமினிய நாடாவால் சுற்றிய சுருளும் இருந்தன.

இந்தியாவில் பொதுக்கூட்ட ஒலிபெருக்கியின் முதல் தலைமுறையோடு பிரிக்கமுடியாத பெயர் மோட்வானி. 1909இல் சிந்து மாநிலத்தின் சுக்கூரில் தொடங்கிய அக்குடும்பத்தின் வணிகம், பின்னர் பம்பாயில் சிகாகோ டெலிபோன் அண்ட் ரேடியோ கம்பெனியாக வளர்ந்து, காங்கிரசுக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்தது. 1942 ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை பம்பாயில் மறைவாக இயங்கிய காங்கிரசு வானொலி வழக்கில், உஷா மேத்தா முதலியோரோடு அந்நிறுவனத்தின் நானக் மோட்வானியும் குற்றம்சாட்டப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஒலிக்கருவிகளின் பாகங்களை வைத்திருப்பதும் விற்பதும் அரசு கண்காணித்த செயலாக இருந்ததை அவ்வழக்கு காட்டுகிறது. 1940இல் தில்லியில் தோன்றிய அகுஜா நிறுவனத்தின் கருவிகள் பிற்காலத்தில் நாடெங்கும் மைக் செட் கடைகளின் பொதுச்சொத்தாயின. தென்னகத்தின் பல ஊர்களில் ‘அகுஜா’ என்பது ஒரு நிறுவனப்பெயராக மட்டுமின்றி ஆம்ப்ளிபயரைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்கியது.

கருவி வந்து சேர்ந்த வழியைவிட அதன் பாகங்கள் வந்து சேர்ந்த வழி சிக்கலானது. 1956-57இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. பிரித்தானிய, அமெரிக்க ஒலிபெருக்கிகளை முன்பே வாங்கியிருந்த திரையரங்கும், கூட்டுறவுச் சங்கமும், வாடகைக் கடையும் அவற்றின் டயாபிரத்தை உரிமம் பெற்று வரவழைப்பது எளிதாக இல்லை. எஞ்சிய வழிகள் மூன்று. பழுதடைந்த மற்றொரு கருவியிலிருந்து பாகத்தைக் கழற்றிப் பொருத்துவது முதலாவது. உள்நாட்டு நிறுவனத்தின் பாகத்தை அளவு திருத்திப் பொருத்துவது இரண்டாவது. பழைய பாகத்தைப் பார்த்துப் புதிதாகவே செய்வது மூன்றாவது. சென்னையில் 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டும், அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் பழைய பாகங்களைத் தேடுவோர் சென்ற இடங்கள். எல்லைப்புற ஊர்களின் மைக் செட்டுக்காரருக்கோ திருவிழாவுக்கு முன் கோவைக்குப் போய் வருவதே பெரிது. அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்தது பொருத்தப்படும். ஆகவே ஒரு கருவிக்குள் இருக்கும் பாகங்கள், அவ்வூருக்கும் சந்தைக்கும் இடையிலிருந்த தொலைவையும் அவ்வாண்டின் இறக்குமதிக் கொள்கையையும் ஒருசேரக் காட்டும் சான்றுகளாகின்றன.

மூன்றாம் வழியான மறுஆக்கம் எத்தகைய அறிவைக் கோருகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். கருகிய சுருளிலிருந்து கம்பியைப் பிரிக்கும்போது சுற்றுகளை எண்ண வேண்டும். பற்சாணம் அகற்றிக் கம்பியின் தடிமனை அளக்க வேண்டும். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட சுருளை மீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 6 அல்லது 7 ஓம் காட்டும். குறிப்பிட்ட எண்ணையே மீட்டரில் எதிர்பார்த்துச் சுற்றினால் சுருள் பிழையாகும். சுற்று அடுக்குகள் இரட்டைப்படையாக அமைந்தால்தான் கம்பியின் இரு முனைகளும் ஒரே பக்கம் வெளிவரும். சுருளின் மொத்தத் தடிமன் காந்த இடைவெளியைவிடச் சற்றே குறைவாக இருத்தல் வேண்டும். மிகுந்தால் உரசும், மிகக் குறைந்தால் ஒலியின் வலிமை குன்றும். இணைப்பின் திசை மாறினால், பக்கத்துக் குழாயின் சவ்வு முன்னே வரும்போது இக்குழாயின் சவ்வு பின்னே போகும். ஒன்றின் ஒலியை மற்றொன்று தின்றுவிடும். பல குழாய்களை ஒரே கம்பிவரிசையில் கோத்த திருவிழா அமைப்பில், தவறான ஓம் அளவுள்ள ஒரு யூனிட் மற்ற யூனிட்களுக்குச் செல்லும் ஆற்றலின் பங்கீட்டையே குலைத்துவிடும்.

பாகம் தனிப்பொருளன்று என்பதற்கு இன்னும் தெளிவான சான்று பழைய வால்வு வானொலிகளில் உள்ளது. நிரந்தரக் காந்தம் மலிவாவதற்கு முன், ஒலிபெருக்கியின் காந்தப்புலம் பீல்ட் காயில் என்னும் பெரிய சுருளில் மின்னோட்டம் செலுத்தி உண்டாக்கப்பட்டது. அதே சுருள் வானொலியின் மின்வழங்கியில் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் பணிசெய்தது. அது எரிந்தபின் நிரந்தரக் காந்த ஒலிபெருக்கியை வாங்கிப் பொருத்தினால் மட்டும் வானொலி பாடாது. அதே மின்தடையுள்ள சோக்கையோ மின்தடையாக்கியையோ அந்த இடத்தில் சேர்க்க வேண்டும். இவ்வாறு சேர்க்கப்பட்ட அயல் பாகத்தைப் பார்த்த அளவில் ‘நாட்டுப்புற ஒட்டுவேலை’ என ஒதுக்கும் பார்வை, அதன் பின்னிருக்கும் கணக்கைக் காணத் தவறுகிறது.

கல்வெட்டறிஞர் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதுபோல், பொருளமைதியைக் கொண்டு பாகங்களின் காலத்தையும் கணிக்கலாம். பீல்ட் காயில் இருப்பின் கருவியின் உடல் பெரும்பாலும் 1940களின் நடுப்பகுதிக்கு முற்பட்டது. அல்னிகோ காந்தத்துக்கு வழிவகுத்த உலோகக்கலவையை ஜப்பானின் மிஷிமா தோகுஷிச்சி 1931இல் கண்டறிந்தார். போருக்குப் பின் ஒலிபெருக்கிகளில் அது பரவியது. 1978இல் ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் மூண்ட போரால் கோபால்ட் விலை பன்மடங்கு ஏற, உலகெங்கும் ஒலிபெருக்கி ஆலைகள் ஃபெரைட் காந்தத்துக்கு விரைந்து மாறின. சுருள் சுற்றும் உருளையும் அவ்வாறே: தொடக்கத்தில் காகிதம், பின்னர் அலுமினியம், 1960களுக்குப் பின் வெப்பம் தாங்கும் பழுப்புநிறக் கப்டன் படலம். 1950களின் உடலுக்குள் கப்டன் உருளை காணப்படின், அச்சுருள் பின்னாளில் மாற்றப்பட்டது உறுதி. ஒரே கருவிக்குள் ஆப்பிரிக்கச் சுரங்கப் போரின் விளைவும் அமெரிக்க வேதியியலின் விளைபொருளும் கோவைக் கடையின் பசையும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கக்கூடும்.

வேறு நாடுகளில் பழைய ஒலிபெருக்கிப் பாகங்களின் மறுஆக்கம் தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் ஆல்டெக் நிறுவனத்து ஓக்லஹோமா ஆலை மூடப்பட்டபின், அதன் அச்சுகளையும் கருவிகளையும் கொண்டு கிரேட் பிளெய்ன்ஸ் ஆடியோ பழைய வகைப் பாகங்களைத் தொடர்ந்து செய்தது. ஜப்பானின் ஜி.ஐ.பி. ஆய்வகமும் சீனாவின் லைன் மேக்னடிக் நிறுவனமும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவிகளைப் படியெடுத்துச் செய்கின்றன. அங்கெல்லாம் மறுஆக்கத்தின் இலக்கு மூலத்தோடு ஒப்புமை. மூலத்தில் பயன்பட்ட அதே உலோகக்கலவை, அதே வடிவம், அதே பூச்சு என்பதே அதன் மதிப்பு. எல்லைப்புற மைக் செட் கடையின் மறுஆக்கத்துக்கு இலக்கு வேறு. மறுநாள் விடியலில் மாரியம்மன் கோயிலில் குழாய் ஒலிக்க வேண்டும். பேசுவோரின் சொல் வயல்களைக் கடந்து கேட்க வேண்டும். முதல்வகை மறுஆக்கம் பொருளைக் காக்கிறது. இரண்டாம்வகை பயனைக் காக்கிறது. அருங்காட்சியக மரபு முதல்வகையை மட்டுமே பாதுகாப்பு என அழைப்பதால், இரண்டாம்வகையின் அறிவு பதிவுபெறாமல் போகிறது.

இருப்பினும் இரண்டாம்வகையைப் புகழ்ந்து மட்டும் நின்றுவிட முடியாது. அது சான்றுகளை அழிக்கவும் செய்கிறது. 50 சென்டிமீட்டர் வாய்விட்டமுள்ள ஒரு குழாய் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வலிமையாக வெளியிடாது. ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலானது. எனவே மைதானத்தில் நின்றோர் கேட்டது பேச்சாளரின் அடிக்குரலை அன்று. அதன் மேற்சுரங்களைக் கேட்டு, அடிக்குரலைச் செவியும் மூளையும் நிரப்பிக்கொண்டன. மெய்யொலிகளின் தெளிவுக்கு வேண்டிய, 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி எவ்வளவு தூரம் சென்றது என்பதை டயாபிரத்தின் எடையும் விறைப்பும் முடிவுசெய்தன. பழைய டயாபிரத்தைவிடக் கனமான ஒன்றைப் பொருத்தினால் குழாய் உரத்தே ஒலிக்கலாம், மெய்யெழுத்துகள் மழுங்கும். ஆகவே இன்று கிடைக்கும் ஒரு 1950களின் குழாயை இயக்கி, ‘அக்காலத்து மேடைப்பேச்சு இவ்வாறு ஒலித்தது’ என முடிவுகட்டுவது பிழை. அதனுள் இருக்கும் டயாபிரம் எக்காலத்தது என்பதை முதலில் அறிய வேண்டும். அடுக்குமொழியும் நீட்டி நிறுத்தும் பேச்சுநடையும் ஒலிபெருக்கியால் எவ்வாறு வடிவுபெற்றன என்று ஆராய்வோருக்கு இது மையமான சான்றுச் சிக்கல்.

இவ்விடத்தில் சோழர் காலச் செயல் ஒன்று வழிகாட்டுகிறது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தபோது, அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முன்கூட்டியே புத்தகத்தில் படியெடுத்தனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய கற்களில் மீண்டும் வெட்டப்பட்டன. கல் மாறியது, எழுத்தின் உள்ளடக்கம் காக்கப்பட்டது, மாற்றம் நிகழ்ந்தது என்ற செய்தியும் பதிவாயிற்று. புதுப்பித்தலையும் சான்றுகாத்தலையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாத மரபு தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. ஒலிபெருக்கிப் பழுதுநீக்கத்தில் நிகழாமல் போனது அந்தப் படியெடுப்பே. பழைய சவ்வு கழற்றப்பட்டது, குப்பைக்குப் போயிற்று, புதியது ஒட்டப்பட்டது.

காலமும் குறுகி வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வைத்தன; இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. 2005 ஜூலை 18 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை வலியுறுத்தியது. உடல்நலமும் உறக்கமும் கருதிய இவ்விதிகள் தேவையானவை என்பதில் ஐயமில்லை. அவற்றோடு, பெட்டி ஒலிபெருக்கிகளின் வரவும் சேர, குழாய்கள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போகலாயின. இரும்புக் கடையின் தராசில் யூனிட் என்பது செம்பும் அலுமினியமும் காந்தமும் மட்டுமே. பெட்டி ஒலிபெருக்கிகளின் ஓரத்தில் ஒட்டப்பட்ட நுரைவளையங்களோ ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பொடிந்து உதிர்கின்றன. தென்மேற்குப் பருவமழை நுழையும் கணவாய்ப் பகுதியில் காகிதக் கோன்களைப் பூஞ்சையும், காந்த இடைவெளியைத் துருவும் தாக்குகின்றன. கழற்றிப் பார்க்கும் ஆர்வமும் ஆபத்தானதே. அல்னிகோ காந்தத் தொகுப்பைப் பிரித்தால் காந்தவலிமை பெருமளவு குறைந்துவிடும். மீண்டும் காந்தமேற்றும் வசதி இல்லாத இடத்தில் அதைப் பிரிப்பது கருவியை முடக்குவதற்குச் சமம்.

செய்யத்தக்கவை எளியவை, பெருஞ்செலவு இல்லாதவை. பழுதுநீக்கும்போது கழற்றப்பட்ட டயாபிரத்தையும் சுருளையும் எறியாமல் ஓர் உறையிலிட்டு, கருவியின் பெயரும் எண்ணும் கழற்றிய நாளும் எழுதி வைக்கலாம். சுற்றின் எண்ணிக்கை, கம்பியின் தடிமன், மின்தடை, உருளையின் பொருள், பசையின் நிறம் ஆகியவற்றை ஒரு தாளில் குறிக்கலாம். புதிய பாகத்தின் மறைவான பகுதியில் ஆண்டை எழுதிவைக்கலாம்; போலியைப் பழையதென விற்பதையும் அது தடுக்கும். மைக் செட் கடைகளின் வாடகைக் குறிப்பேடுகளும் பாகம் வாங்கிய ரசீதுகளும் எரிக்கப்படுமுன் படமெடுக்கப்பட வேண்டியவை. சுருள் சுற்றுவோரின் சொல்வழக்கு தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் கலந்த ஒரு தொழிற்சொற்றொகுதி. எல்லைப்புற மொழியை ஆராயும் மாணவருக்கு அது தனிக் களம். 1947இல் நிறுவப்பட்டுத் தமிழ்த்துறையும் கொண்டுள்ள சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் இக்களத்துக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.

பெருவெம்பின் செண்டைக்குத் தோல் மாற்றுபவரின் கைத்திறன் இன்று பண்பாட்டு மரபாக மதிக்கப்படுகிறது. ஒலிபெருக்கிக்குச் சுருள் சுற்றியவரின் கைத்திறனோ வெறும் பழுதுபார்த்தல் என்னும் தலைப்பின்கீழ் அடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே திருவிழாவில், ஒரே கோயில் முற்றத்தில் ஒலித்தவை. இருபதாம் நூற்றாண்டில் இந்நிலத்து மக்கள் எதைக் கேட்டனர் என்பதை மேடையில் நின்றவரின் உரைகளைக் கொண்டு ஓரளவே அறிய முடியும். எவ்வாறு கேட்டனர் என்பதை அறிய, பரணில் கிடக்கும் யூனிட்டைத் திறந்து, உள்ளிருக்கும் சவ்வு யார் கையால், எப்பொருளால், எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று கேட்டாக வேண்டும். அக்கேள்விக்கு விடைசொல்லக்கூடிய கைகள் இன்னும் சில ஆண்டுகளே தொழிலில் இருக்கும்.